மலையிலிருந்து ஏரி வரை: ஓர் ஆற்றைச் சரிவின் வழியே படிப்பது எப்படி?

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்க ஒரு சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். துணையாறு, கிளையாறு, நீர்ப்பிரிமேடு, கழிமுகம் என்று கேட்ட சொல்லுக்கெல்லாம் அவள் தடுமாறாமல் விளக்கம் சொன்னாள். படத்தில் ஓரிடத்தைக் காட்டி, "இந்த இடத்தில் ஆறு ஏன் வளைகிறது?" என்று கேட்டபோது மட்டும், "அது நோட்ஸ்ல இல்லையேப்பா" என்றாள். குறை அவளுடையதன்று. இரு கரையும் சிமெண்ட் பூசிய கால்வாய்களைப் பார்த்தே வளரும் பிள்ளைகளுக்கு, ஆறு தன் போக்கில் முடிவெடுக்கும் ஒன்று என்பதைக் காணும் வாய்ப்பு மிகக் குறைவு. அன்றிலிருந்து பல வார இறுதிகளில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்துபார்த்த முறையை, வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும் துணைப்பாட ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன்.

மலையில் தோன்றி ஏரியில் சேரும் ஆற்றை எடுத்துக்கொள்வது தொடக்கத்துக்கு ஏற்றது. கடலில் கலக்கும் ஆற்றின் முகத்துவாரத்தில் அலையும் உப்பும், கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்கும் ஓதமும் புகுந்து படத்தைக் குழப்பிவிடும். ஏரியில் அந்தக் குழப்பம் பெரும்பாலும் இல்லாததால், ஆறு மலையிலிருந்து என்ன கொண்டுவந்தது, அதை எங்கே இறக்கிவைத்தது என்பது தெளிவாகத் தெரியும். தாளில் வரைவதற்கு ஓர் ஆறும் காலால் நடந்து பார்ப்பதற்கு ஓர் ஆறுமாக இரண்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். நாங்கள் தாளுக்கு எடுத்துக்கொண்டது ஐரோப்பாவின் ரைன் ஆற்றின் மேற்பகுதி. நடப்பதற்கு எடுத்துக்கொண்டது நம்முடைய சிங்கப்பூரின் காலாங் ஆறு. கையில் வேண்டியவை கிராஃப் தாள், பென்சில், அரை மீட்டர் தையல் நூல், இறுக மூடக்கூடிய ஒரு கண்ணாடிப் புட்டி ஆகியவை மட்டுமே.

முதல் வேலை: நீள்வெட்டுப் படம்

ஆற்றின் பிறப்பிடத்திலிருந்து ஏரி வரை அதன் உயரம் எப்படிக் குறைகிறது என்பதைக் காட்டும் கோட்டுக்கு நீள்வெட்டுப் படம் என்று பெயர். இதை வரைய, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் உள்ள வரைபடம் தேவை. சுவிட்சர்லாந்து அரசின் நில அளவை அலுவலகமான சுவிஸ்டோப்போ தன் நாட்டு வரைபடங்களை இணையத்தில் இலவசமாகவே பார்க்க விடுவதால், ரைன் ஆற்றைத் தேர்ந்தது எங்களுக்கு வசதியாக இருந்தது. சமவுயரக் கோடு ஓடையைக் கடக்கும் இடங்களிலெல்லாம் அம்புமுனைபோல் மடங்கியிருப்பதைக் காண்பீர்கள். அந்த முனை எப்போதும் ஆறு வரும் திசையை, அதாவது மேட்டைக் காட்டும். இந்த ஒரு விதி மனத்தில் பதிந்துவிட்டால், அம்புக்குறி போடாத வரைபடத்திலும் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.

அடுத்து, நூலை ஆற்றின் வளைவுகளின் மேல் அப்படியே படியவைத்து, பின் நிமிர்த்தி, வரைபடத்தின் அளவுகோலோடு ஒப்பிட்டு நீளத்தைக் கண்டறியுங்கள். முன்ரைன் எனப்படும் மூல ஆறு, ஓபரால்ப் கணவாய்க்கு அருகில் சுமார் 2,345 மீட்டர் உயரத்தில் உள்ள தோமா ஏரியில் தொடங்குகிறது. அங்கிருந்து சுமார் 76 கிலோமீட்டர் ஓடி, ரைக்கனாவ் என்னுமிடத்தில் ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் பின்ரைன் என்னும் மற்றொரு மூல ஆற்றோடு கூடுகிறது. கூடிய ஆறு மேலும் சுமார் 90 கிலோமீட்டர் சென்று, கடல்மட்டத்திலிருந்து 395 மீட்டர் உயரத்தில் உள்ள கான்ஸ்டன்ஸ் ஏரியில் சேர்கிறது.

கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். முதல் 76 கிலோமீட்டரில் சரிவு கிலோமீட்டருக்குச் சுமார் 23 மீட்டர். அடுத்த 90 கிலோமீட்டரில் அது 2 மீட்டருக்குச் சற்று மேல். பத்து மடங்கு வேறுபாடு! இதைக் கிடைமட்டத்தில் 1 சென்டிமீட்டருக்கு 10 கிலோமீட்டர், செங்குத்தில் 1 சென்டிமீட்டருக்கு 250 மீட்டர் என்ற அளவில் வரைந்தால், படம் பதினாறரை சென்டிமீட்டர் நீளமும் ஒன்பதரை சென்டிமீட்டர் உயரமும் கொண்டு ஒரே தாளில் அடங்கிவிடும். செங்குத்து அளவை 40 மடங்கு பெருக்கியிருக்கிறோம் என்பதைப் படத்தின் ஓரத்தில் தவறாமல் எழுதிவைக்கச் சொல்லுங்கள். பெருக்காமல் வரைந்தால் அந்த ஆல்ப்ஸ் மலை இரண்டு மில்லிமீட்டர் உயரமே இருந்திருக்கும் என்று காட்டியபோதுதான், மலையாறுகள்கூட எவ்வளவு மெல்லிய சரிவில் ஓடுகின்றன என்பது என் மகளுக்குப் புரிந்தது.

கோடு எப்போதும் வழுவழுப்பாக வராது. ரைக்கனாவுக்கு மேற்கே சுவிட்சர்லாந்துக்காரர்கள் ருயினால்டா என்றழைக்கும் ஆழமான பள்ளத்தாக்கு இருக்கிறது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் ஃபிளிம்ஸ் பகுதியில் மலையின் ஒரு பக்கமே சரிந்து ஆற்றை அடைத்துவிட, அந்தக் குவியலை ஆறு மெல்ல மெல்ல அறுத்து உண்டாக்கிய வழி அது. நீள்வெட்டுப் படத்தில் மேடோ திடீர் இறக்கமோ தெரிந்தால், அங்கே நிலத்துக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்று பொருள். கடினமான பாறையோ, மண்சரிவோ, மனிதர் கட்டிய அணையோ அதற்குக் காரணமாக இருக்கலாம். அந்தக் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.

வேகத்தைப் பற்றிய ஒரு தவறான எண்ணம்

மலையில் ஆறு வேகமாகவும் சமவெளியில் மெதுவாகவும் ஓடும் என்று நாம் எல்லாரும் சொல்லிப் பழகியிருக்கிறோம். அருவியின் இரைச்சலையும் சமவெளி ஆற்றின் அமைதியையும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அமெரிக்க நீரியல் அறிஞர் லூனா லியோபோல்ட் 1953இல் பல ஆறுகளின் அளவீடுகளை ஒப்பிட்டு, சராசரி வேகம் கீழே போகப் போகக் குறைவதில்லை, பல ஆறுகளில் சற்றுக் கூடவே செய்கிறது என்று காட்டினார். மலையோடையில் நீரின் ஆற்றலில் பெரும்பகுதி பாறைகளில் மோதிச் சுழன்று நுரைப்பதிலேயே செலவாகிவிடுகிறது. கீழே துணையாறுகள் சேர்ந்து ஆறு ஆழமாகும்போது, அடித்தளத்தையும் கரையையும் உரசும் நீரின் பங்கு குறைகிறது; சரிவு குறைந்தாலும் தடை அதைவிட அதிகமாகக் குறைவதால் நீர் தளராமல் ஓடுகிறது. ஆகவே சரிவைப் படிக்கும்போதெல்லாம், அந்த இடத்தில் ஆற்றைத் தடுப்பது எது என்ற கேள்வியையும் கூடவே கேட்கப் பழக்குங்கள். தேர்வில் இது கேட்கப்படாமல் போனாலும், ஆற்றைச் சரியாக அறிந்துகொள்ள இதைவிட முக்கியமான திருத்தம் வேறில்லை என்பது என் கருத்து.

தேநீர்க் கோப்பையில் ஒரு வளைவு

சரிவு குறைந்த இடத்தில் ஆறு வளைந்து வளைந்து செல்கிறது. வளைவின் வெளிக்கரை அரிபடுகிறது. உட்கரையில் மணல் சேர்கிறது. ஏன்? விடை சமையலறையிலேயே கிடைக்கும். வடிகட்டாத தே-ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், ஒரு கோப்பை எடுத்து, கரண்டியால் வேகமாகச் சுழற்றிவிட்டுக் கரண்டியை வெளியே எடுத்துவிடுங்கள். சுழலும் வேகத்துக்கு இலைத்தூள் கோப்பையின் விளிம்புக்குத்தான் ஒதுங்கும் என்று எதிர்பார்ப்போம். அதுவோ அடியில், நடுவில் வந்து குவியும். கோப்பையின் அடியை உரசும் நீர் வேகம் இழந்துவிடுவதால் அதன் வெளித்தள்ளும் விசை குறைகிறது. விளிம்பில் ஏறிநிற்கும் நீரின் அழுத்தம் அந்த அடிநீரை உள்நோக்கித் தள்ளுகிறது. தூளும் அதோடு நகர்கிறது. ஆற்று வளைவிலும் இதுதான் நிகழ்கிறது: மேல்நீர் வெளிக்கரையை நோக்கிச் சென்று அதை அரிக்க, அடிநீர் மணலை உட்கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. தேநீரையும் ஆற்று வளைவையும் இணைத்து இந்த விளக்கத்தை 1926இல் எழுதியவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். என் மகள் மூன்று முறை சுழற்றிப் பார்த்த பிறகு, பழைய கேள்விக்கான விடையைத் தன் சொற்களிலேயே எழுதினாள்.

இந்தக் கட்டத்தில் தமிழ்ச் சொற்களையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. ஆற்றோடு வாழ்ந்தவர்கள் உண்டாக்கிய சொற்கள் என்பதால் அவை ஒவ்வொன்றும் ஒரு நிலவடிவத்தைக் காட்டும். மலையில் ஊறி நிற்பது சுனை. நீர் ஓடியபின் மணலில் படிந்து கிடக்கும் வரிவரியான அலைத்தடம் அறல். ஆற்றின் நடுவே திருவரங்கம்போல் உயர்ந்து நிற்கும் நிலம் துருத்தி. ஆழம் மிகுந்த பள்ளம் மடு. நீர் சுமந்துவந்து விடும் மெல்லிய மண் வண்டல். துணையாறு ஆற்றோடு வந்து கூடுவது, கிளையாறு ஆற்றிலிருந்து பிரிந்து போவது. இந்த இரண்டையும் மாற்றி எழுதும் பிள்ளைகளுக்கு, கொள்ளிடம் காவிரியிலிருந்து பிரிவதைப் படம் போட்டுக் காட்டினால் பிறகு மறக்க மாட்டார்கள்.

இனிக் காலாங் ஆற்றுக்குப் போவோம்

சுமார் 10 கிலோமீட்டர் நீளமுள்ள காலாங் சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு. நம்முடைய உயரமான குன்றாகிய புக்கிட் தீமாவே 164 மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்பதால், இங்கே மலை என்று சொல்லக்கூடியது தீவின் நடுவிலுள்ள கருங்கல் மேட்டு நிலம்தான். அந்த மேட்டுக் காட்டில் விழும் மழை முன்பு ஓடைகளாகக் கூடிக் காலாங் ஆனது. அந்த ஆற்றைத் தடுத்துக் கட்டிய நீர்த்தேக்கம் 1912இல் திறக்கப்பட்டு, முதலில் காலாங் ஆற்று நீர்த்தேக்கம் என்றும், 1922 முதல் நகராட்சிப் பொறியாளர் ராபர்ட் பியர்ஸின் பெயராலும் அழைக்கப்பட்டது. இன்று அது லோவர் பியர்ஸ். மறுமுனையில், 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்ட பிறகு, ஆறு சேருமிடம் கடலாக இல்லாமல் நன்னீர்த் தேக்கமாக மாறிவிட்டது. மேட்டிலிருந்து ஏரிக்கு ஓடும் முழு ஆறு ஒன்று, ஒரே நாளில் நடந்து முடிக்கும் தூரத்தில் நமக்குக் கிடைத்திருக்கிறது.

நடையை மேலிருந்தே தொடங்குங்கள். கீழிருந்து மேலே போனால் ஒவ்வொரு மாற்றத்தையும் தலைகீழாகப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும். லோவர் பியர்ஸ் கரையில் நின்று, காட்டுத் தரையில் நீர் எப்படி ஊறி இறங்குகிறது என்பதைப் பார்த்துவிட்டு, பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்கு வாருங்கள். நாளின் பாதியை இங்கேயே செலவிடலாம். அவ்வளவு பார்க்க இருக்கிறது. 2012இல் முடிந்த சீரமைப்புக்கு முன் இங்கே இருந்தது 2.7 கிலோமீட்டர் நீளமான நேர்க் கால்வாய். அந்தச் சிமெண்டை உடைத்தெடுத்து, பாறையும் செடிவேரும் கரையைப் பிடித்து நிற்கும்படி, சுமார் 3 கிலோமீட்டருக்கு வளைந்து செல்லும் ஆறாக மாற்றினார்கள். இரண்டு முனைகளும் மாறாமல் வழி மட்டும் நீண்டிருப்பதால் சரிவு குறைந்துள்ளது. மழைநீர் புல்வெளியில் பரவித் தங்கி மெதுவாக இறங்கவும் இடம் கிடைத்துள்ளது. பாடநூல் சொல்லும் வெள்ளச் சமவெளி என்பது இதுதான்.

ஏதேனும் ஒரு வளைவைத் தேர்ந்து, கரையில் நின்றபடியே கவனியுங்கள். எங்கள் வளைவில் உட்கரை ஓரமாகப் பொடி மணல் ஒரு பிறைபோல் படிந்து, அதன்மேல் நீர் கணுக்கால் அளவுகூட இல்லாமல் பளபளத்தது. எதிர்க்கரையில் நீர் கறுத்து, செடிகளின் வேரடியைத் தொட்டுக்கொண்டு ஓடியது. "தே-ஓ மாதிரியே இருக்குப்பா" என்றாள் மகள்.

வேகத்தை அளக்க, கரையில் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு அடையாளங்களைக் குறித்துக்கொண்டு, மிதந்துவரும் இலை ஒன்று முதல் அடையாளத்திலிருந்து இரண்டாவதை அடைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். ஆற்றில் நீங்களாக எதையும் வீசவேண்டாம்; இலைகள் தாமாகவே வரும். தூரத்தை நேரத்தால் வகுத்து வரும் விடை மேற்பரப்பின் வேகம். அதில் ஏறத்தாழ 85 விழுக்காட்டை ஆற்றின் சராசரி வேகமாகக் கொள்ளலாம். ஒரே இலையை நம்பாமல் ஐந்து இலைகளையாவது அளந்து சராசரி எடுங்கள். வளைவின் வெளிப்புறத்திலும் உட்புறத்திலும் தனித்தனியாக அளந்தால் வேறுபாடு எண்ணாகவே கிடைத்துவிடும்.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே மேற்பகுதியில் மழை கொட்டி நீர் மளமளவென்று ஏறிவிடக்கூடும். பூங்காவில் நீர்மட்டத்தைக் கண்காணித்து எச்சரிக்கும் விளக்குகளும் ஒலிப்பான்களும் இருக்கின்றன. அவை இயங்கத் தொடங்கினால், அளந்துகொண்டிருக்கும் இலையை விட்டுவிட்டு உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

பூங்காவுக்குக் கீழே ஆறு மறுபடியும் கால்வாயாகிறது. தோ பாயோ வழியாக அடுக்குமாடி வீடுகளுக்கிடையே செல்லும் இந்தப் பகுதியை விரைவாகக் கடந்துவிடலாம். சாலைகளிலிருந்தும் கார் நிறுத்துமிடங்களிலிருந்தும் எத்தனை வடிகால்கள் வந்து சேர்கின்றன என்பதை மட்டும் எண்ணிக்கொண்டே வாருங்கள். நகரத்தில் துணையாறுகள் இவைதாம். கோலாம் ஆயரை அடைந்ததும் கொஞ்சம் நின்று அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மலாயில் ஆயர் என்றால் நீர். கோலாம் என்பது நம்முடைய குளம் என்ற சொல்லிலிருந்து மலாய்க்குப் போனது.

அதற்கும் கீழே காலாங் படுகை விரிகிறது. இங்கே கரையோர நிலம் தட்டையாகக் கிடப்பதைப் பாருங்கள். ஆறுகளும் கடலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படியவைத்த சேறும் மணலும் களிமண்ணும் அது. சிங்கப்பூரின் இத்தகைய இளம் படிவுகள் அனைத்துக்கும் நிலவியலாளர்கள் வைத்திருக்கும் பெயரே காலாங் படிவம். கட்டுமானத் துறையில் இருப்பவர்களைக் கேட்டால், அதிலுள்ள கடற்களிமண் எவ்வளவு நெகிழ்வானது, அதில் அடித்தளம் போடுவது எவ்வளவு சிரமம் என்று சொல்வார்கள். 1977 முதல் 1987 வரை நடந்த பெருந்துப்புரவுக்கு முன், பன்றிப் பண்ணைகளிலும் வாத்துப் பண்ணைகளிலும் தெருவோரக் கடைகளிலும் இருந்து வந்த கழிவெல்லாம் இந்தப் படுகையில்தான் வந்து தேங்கியது. மேலே எதை விட்டாலும் அது ஆற்றின் கடைசிக்கு வந்து சேரும் என்பதை அந்தத் தலைமுறை மூக்கைப் பிடித்துக்கொண்டு அறிந்திருந்தது.

ஏரியில் ஆறு என்ன ஆகிறது?

சுமந்துவந்த மண்ணை ஆறு எந்த ஒழுங்கில் இறக்கிவைக்கிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். பூந்தொட்டி மண்ணோடு கொஞ்சம் மணலைக் கலந்து புட்டியில் பாதி நிரப்பி, நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, நன்றாகக் குலுக்கி மேசைமேல் வையுங்கள். பருமணல் அரை நிமிடத்துக்குள் அடியில் நின்றுவிடும். வண்டல் சில மணிநேரம் எடுக்கும். களிமண் மறுநாள் காலையிலும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். மூடியைத் திறந்து வைத்துவிடாதீர்கள்; கொசு முட்டையிட அந்தப் புட்டி போதும்.

கான்ஸ்டன்ஸ் ஏரிக்குள் நுழையும் ரைன் செய்வதும் இதையேதான். வேகம் சட்டென்று அடங்குவதால் பரலும் மணலும் வாயிலிலேயே விழுந்து கழிமுகம் உருவாகிறது. மெல்லிய வண்டலோடு கூடிய குளிர்ந்த ஆற்றுநீர், தெளிந்த ஏரிநீரைவிட எடை கூடியதாக இருப்பதால், மேற்பரப்பில் பரவாமல் ஏரியின் அடிக்கு இறங்குகிறது. கலங்கல் நீர் மூழ்கும் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டதுபோல் தெரியும். 250 மீட்டருக்கும் மேல் ஆழமான அந்த ஏரி ஒரு பெரிய வண்டல் தொட்டியாக வேலை செய்து, மறுமுனையில் தெளிந்த ஆற்றை வெளியே அனுப்புகிறது. வெள்ளத்தைத் தடுக்க ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும் 1892இல் உடன்படிக்கை செய்து, 1900இல் ஆற்றின் வாயையே வேறிடத்துக்கு மாற்றின. புதிய வாயிலும் வண்டல் சேர்ந்து விரிகுடா தூர்ந்துபோகத் தொடங்கியதால், கரைகளை ஏரிக்குள் வெகுதூரம் நீட்டி, மண்ணை ஆழத்தில் கொண்டுபோய் விடச்செய்ய வேண்டியதாயிற்று.

ஆற்றை வாங்கும் எந்த ஏரியும் இப்படித்தான், தன்னை நிரப்பும் ஆற்றாலேயே நாளுக்கு நாள் தூர்ந்துவருகிறது. காவிரி நீர் கொள்ளிடம், கீழணை, வடவாறு வழியாகச் சேரும் வீராணம் ஏரியிலும் இதே சிக்கல்தான். சோழர் காலத்து ஏரியான அது வண்டலால் தன் கொள்ளளவில் கணிசமானதை இழந்திருக்கிறது.

ஏரியின் நீர்மட்டத்துக்கு மற்றொரு முக்கியத்துவமும் உண்டு. அந்த மட்டத்துக்குக் கீழே ஆறு தன் தரையை அரித்து இறங்க முடியாது. அதை அரிப்பின் அடிமட்டம் என்பார்கள். ஏரி தாழ்ந்தால் ஆறு மறுபடி அரிக்கத் தொடங்கும். உயர்ந்தால் வாயருகே வண்டல் கூடும். 2008க்கு முன் காலாங் படுகையில் கடல் ஓதம் ஏறி இறங்கியதால் ஆற்றின் அடிமட்டம் நாள்தோறும் மாறிக்கொண்டே இருந்தது. 350 மீட்டர் அகலக் கால்வாயின் குறுக்கே நிற்கும் மரினா அணைக்கட்டு, கடலை வெளியே நிறுத்தி, அந்த மட்டத்தை ஏறத்தாழ நிலையாக்கிவிட்டது. நாட்டின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கின் மழைநீர் இப்போது இங்கேதான் வந்து சேர்கிறது.

ஆகவே நடையின் கடைசிப் புள்ளி அணைக்கட்டாக இருக்கட்டும். அங்கே ஒன்பது எஃகுக் கதவுகள் இருக்கின்றன. பெருமழை பெய்து கடல் தாழ்ந்திருக்கும்போது கதவுகளை இறக்கி மிகுநீரைக் கடலுக்கு விடுவார்கள்; கடல் உயர்ந்திருக்கும்போது கதவுகளை மூடியே வைத்து, ஏழு பெரிய பம்புகளால் நீரை வெளியேற்றுவார்கள். பாலத்தின்மேல் நின்று ஒரு பக்கம் தேக்கத்தின் மட்டத்தையும் மறுபக்கம் கடலின் மட்டத்தையும் பார்த்து, இரண்டையும் நேரத்தோடு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மணிநேரம் கழித்தோ, ஓத அட்டவணையைப் பார்த்து வேறொரு நாளிலோ மறுபடியும் வந்து குறித்தால், கடலின் எண் மாறியிருக்கும். தேக்கத்தின் எண் அநேகமாக அப்படியே இருக்கும். காலாங் ஆற்றுக்கும் ரைனைப் போலவே ஒரு நீள்வெட்டுப் படம் வரைந்து, அதன் வலது ஓரக் கோட்டைத் தேக்கத்தின் அந்த எண்ணில் கொண்டுபோய் முடியுங்கள்.